கிட்டாரின் உள்ளே இருக்கும் சட்டங்களும் வெளியே தொங்கும் விலைச்சீட்டும்

யமஹா எஃப்310, அதே நிறுவனத்தின் எஃப்ஜி800, மார்ட்டின் டி-28 ஆகிய மூன்று அகூஸ்டிக் கிட்டார்களையும் பல ஆண்டுகளாகச் சென்னையில் என் வீட்டில் மாற்றி மாற்றி வாசித்து வருகிறேன். முதலாவது பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை. இரண்டாவது அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மூன்றாவதற்குச் சில லட்சங்கள் ஆகும். விலை ஏற ஏற நாதமும் ஏறுமா, மேல் பலகையின் அடியில் ஒட்டியிருக்கும், பிரேசிங் எனப்படும் தாங்கு மரச் சட்டங்களுக்கு அதில் என்ன பங்கு என்று வாங்கப் போகிறவர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். பிரேசிங் நாதத்தை மாற்றும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நல்ல பிரேசிங்குக்காகப் பெரும் விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதை என் அனுபவம் ஏற்கவில்லை.

லைட் கேஜ் எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பிகளை மாட்டிச் சுருதி சேர்த்தால், ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுவையைத் தாங்க வேண்டிய மேல் பலகையின் தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். சட்டங்கள் இல்லாவிட்டால், பலகையில் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்புறம் உப்பி, பலகை நாளடைவில் வளைந்துவிடும். சட்டங்களைக் கனமாக வைத்தால் பலகை உறுதியாக நிற்கும். ஆனால் தாராளமாக அதிராது. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும் உயரத்தின் மும்மடிக்கு ஏற்பவும் அமைவதால், உயரத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினாலே விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடுகிறது. சட்டத்தை இடையில் குழிவாகச் சீவும் ஸ்காலப்டு முறைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதன் காரணம் இதுதான்.

எக்ஸ் வடிவப் பிரேசிங் 1840களிலேயே மார்ட்டின் கிட்டார்களில் வந்துவிட்டது. அன்று கட்டியவை நரம்புத் தந்திகள். பின்னர் எஃகுக் கம்பிகள் பரவியபோது அந்த அமைப்பின் வலிமை முழுமையாகப் பயன்பட்டது. கனமான கம்பிகளின் இழுவையில் பலகைகள் வளைந்து பழுதுக்கு வரத் தொடங்கியதால் 1944இல் மார்ட்டின் சட்டங்களைக் குழிவாகச் சீவுவதை நிறுத்தியது. 1976இல் எச்டி-28 மாடலில்தான் அம்முறை மீண்டும் வந்தது. டெய்லர் நிறுவனம் 2018இல் வி வடிவப் பிரேசிங்கை அறிமுகப்படுத்தியபோதும், கார்வையையும் ஒலியளவையும் ஒருசேரப் பெறுவதே நோக்கமாக இருந்தது.

மேல் பலகையின் வட்டத் துளையான சவுண்ட் ஹோல் வழியாகச் சிறு கண்ணாடி ஒன்றை நுழைத்து, செல்பேசி வெளிச்சத்தில் என் கிட்டார்களின் உட்புறத்தைப் பார்த்தபோது கண்டதை இங்கே சொல்ல வேண்டும். எஃப்ஜி800இன் சட்டங்கள் குழிவாகச் சீவப்பட்டிருக்கின்றன. 2017இல் மாற்றியமைக்கப்பட்ட டி-28இல் எக்ஸ் சந்திப்பு சவுண்ட் ஹோலை நோக்கி நகர்த்தப்பட்டிருந்தாலும், சட்டங்கள் குழிவின்றி நேராகவே இருக்கின்றன. உயர்தரத்தின் அடையாளமாகப் பேசப்படும் அந்த வேலைப்பாடு, மூன்றில் நடுவிலையான கிட்டாரில்தான் இருக்கிறது. வாசிக்கும்போதும் அது தெரிகிறது: எஃப்ஜி800 மெல்ல வருடினாலே மந்தர ஸ்தாயியில் நிறைவாகப் பேசுகிறது. டி-28இன் சிறப்பு வேறு. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஆறு கம்பிகளும் தனித்தனியே கேட்கின்றன. ஒன்றன் மேல் ஒன்று குழம்புவதில்லை.

என் காதுக்கு மிகப் பெரிய தாவல் முதல் இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. எஃப்310இன் மேல் பலகை மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்த லேமினேட். எஃப்ஜி800இல் இருப்பது ஒரே மரமான சாலிட் ஸ்ப்ரூஸ். திரைக்குப் பின்னால் ஒரே ரகப் புதுக் கம்பிகளோடு நண்பர் வாசித்தபோது, கேட்டவர்கள் அனைவரும் லேமினேட் கிட்டாரைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டில் எது விலை உயர்ந்தது என்பதில் கருத்து பிளவுபட்டது.

டி-28இன் விலைக்கு அதன் பக்கங்களிலும் முதுகிலும் உள்ள இந்திய ரோஸ்வுட்டும் ஒரு காரணம். நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் நம் ஈட்டி மரம்தான் அது. அதன் அழகு எனக்கு உண்மையிலேயே பெருமிதம் தருகிறது. ஆயினும் 2018இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், முதுகு மற்றும் பக்க மரம் மட்டுமே வேறுபட்ட ஆறு கிட்டார்களை 52 கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி அணிந்து வாசித்தபோது, அவர்கள் கொடுத்த மதிப்பீடுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஸ்பெயினின் கிட்டார் தயாரிப்பாளர் தோரஸ் 1862இலேயே முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல் பலகையே முதன்மையானது என்று காட்ட முற்பட்டார்.

அன்றாட வாசிப்பில் இவற்றைவிடச் சிறிய பொருள்கள் கூடுதலாகப் பேசுகின்றன. எஃப்ஜி800இன் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் துண்டான சேடிலை எலும்பில் செய்து மாற்றி, கழுத்தின் பன்னிரண்டாம் உலோகப் பட்டையான ஃப்ரெட்டில், கம்பிக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷனைச் சுமார் 2 மில்லிமீட்டருக்கு இறக்கிய பிறகு, கம்பி மழுங்கிய டி-28ஐக் கையில் எடுக்கவே தோன்றாத மாலைகள் உண்டு. சேடிலுக்கு அடியில், அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப் பொருத்தி மேடையில் வாசிப்பவர்களுக்குப் பிரேசிங் வேறுபாட்டின் பெரும்பகுதி ஒலிபெருக்கியில் கரைந்துவிடும்.

பராமரிப்பையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஐப்பசி மழையில் சாலிட் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை உப்பும், ஆக்‌ஷன் ஏறும். ஏசி அறையில் அதுவே வறண்டு சுருங்கும். டி-28ஐ 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் பெட்டிக்குள்தான் வைக்கிறேன். எஃப்310 சுவரில் தொங்குகிறது, ரயிலிலும் வருகிறது, சுருதியும் அதிகம் விலகுவதில்லை. முப்பதாயிரம் ரூபாய் கையில் இருப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: குழிவான எக்ஸ் பிரேசிங் கொண்ட சாலிட் டாப் கிட்டார் ஒன்றை வாங்கி, மிச்சத்தில் அனுபவமுள்ள ஒருவரிடம் நட் (கழுத்தின் மேல் முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு), சேடில், ஆக்‌ஷன் மூன்றையும் சரிசெய்து கொள்ளுங்கள், லட்சங்களைப் பற்றி அதை ஓராண்டு வாசித்த பிறகு யோசிக்கலாம்.