மீன் வெட்டும் கட்டைக்குப் புளியா, கருவேலமா?

காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் அக்கா ஒருவருக்குப் போன வருஷம் புதுக் கட்டை தேவைப்பட்டது. தண்டையார்பேட்டை விறகுத் தொட்டியில் புளியும் கிடந்தது, கருவேலமும் கிடந்தது. "கருவேலம்தான் கெட்டி, அதை எடு" என்றார் தொட்டிக்காரர். நான் தச்சு வேலை செய்கிறவன். புளியைத்தான் எடுத்தேன்.

எடையில் இரண்டுமே தேக்கை மிஞ்சும். காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ. கருவேலம் 22 கிலோவை ஒட்டி வரும், புளி அதற்கும் மேலே. ஆனால் வெட்டுகட்டைக்கு எடையைவிட நார் ஓட்டம்தான் முக்கியம். புளியின் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்; கோடாலி போட்டுப் பிளந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அக்காவின் பழைய புளியங்கட்டை நடுவில் கிண்ணம் மாதிரி நாலு விரல் ஆழம் தேய்ந்திருந்தது. அப்படியும் விளிம்பில் ஒரு வெடிப்பு இல்லை. வஞ்சிரத்தின் நடுமுள்ளைத் தாண்டிக் கத்தி கட்டையில் இறங்கினாலும் சிராய் எழவில்லை.

கருவேலத்தை வட்டமாக அறுத்து வைத்து, நடுவிலிருந்து வெடிப்பு ஓடியதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். "அதுல வெட்டினா கத்தி வாய் மடங்கிடும்பா" என்று அக்காவும் சொன்னார்.

சரி, கருவேலம் எதற்கு? பிடிக்கு. சுத்தியல், கோடாலி, உளி எதுவானாலும் அடியின் அதிர்ச்சியைத் தாங்கும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்குடமும் ஆரக்காலும் இதில்தான் செய்தார்கள். இயல்பாக வளைந்து வளரும் கிளைகள் மரப்படகின் வங்குக்கால்களுக்கு, அதாவது விலா எலும்பு மாதிரி வளைந்த உள்சட்டங்களுக்கு, ஏற்றவை. புளியில் பிடி போட்டால் வெள்ளைப் பகுதியை வண்டு துளைத்து மாவாகக் கொட்டிவிடும். தினமும் நனைகிற மீன் கட்டையில் அந்தத் தொல்லையை நான் கண்டதில்லை.

கருவேலம் என்று கேட்டால் சீமைக்கருவேலம் கைக்கு வரலாம், கவனம். நாட்டுக் கருவேலத்துக்கு உருண்டை மஞ்சள் பூ, மணி கோத்த மாதிரி காய். சீமைக்குக் கதிர் கதிராகப் பூ. அதுவும் மட்டமான மரம் இல்லை, காயும்போது அதிகம் சுருங்காது. நீளமான நேர்த்துண்டு கிடைப்பதுதான் அரிது. கருங்காலி தண்ணீரில் மூழ்கும் கனம், உலக்கைக்கு அருமை; கட்டைக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

அக்காவின் கட்டையை இரண்டு வெட்டுமுகத்திலும் மெழுகு பூசி, ஆறு மாதம் நிழலில் போட்டுக் கொடுத்தேன். கூடவே வாங்கிய ஒரு முழம் கருவேலம் என் கொட்டாப்புளிக்கு, அதாவது உளியை அடிக்கும் மரச்சுத்தியலுக்கு, பிடி ஆனது. தலை, அதே புளியில் மிஞ்சிய துண்டு.