"உயிரியல் வயசைக் குறைக்கிறோம்"னு யாராவது வந்தா உஷார்! எனக்கு 48,000 போச்சு

கோபத்துல எழுதுறேன். கோர்வையா வரலைன்னா பொறுத்துக்கோங்க.

ஆன்லைன்ல "நீண்ட ஆயுள் திட்டம்"னு ஒண்ணு விக்கிறாங்க. முதல்ல ரத்தப் பரிசோதனை. அதை வெச்சு உங்க "உயிரியல் வயசு" (அதாவது உங்க உடம்புக்கு எவ்வளவு வயசாயிருக்குங்கிறது) இவ்வளவுன்னு ஒரு அறிக்கை. அந்த வயசைக் குறைக்க மூணு மாசத்துக்கு மாத்திரை. கூடவே உங்களுக்குன்னே ஒரு ஆலோசகர். நிறுவனத்தோட பேரைப் போடல.  பேர் எதுவா இருந்தாலும் பிடிக்கிற முறை இதுதான், அடையாளம் தெரிஞ்சுக்கோங்க.

திட்டத்துக்கு 39,000. நடுவுல "தைராய்டு சப்போர்ட்"னு தலையில கட்டின இன்னொரு டப்பாவுக்கு 9,000. ஆக 48,000. இதுல ஒத்தக் காசு திரும்ப வரல.

எனக்கு வயசு 52. அறிக்கையில 61னு சிவப்புல பெருசா போட்டிருந்தான். பார்த்ததும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. ரத்தம் எடுக்க வந்த பையன்கிட்ட "சளி பிடிச்சிருக்கு தம்பி, இன்னொரு நாள் எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்"னுட்டான். ஆகும். இந்த மாதிரிக் கணக்குகள்ல பேர் போனது 2018ல வந்தது. ஒன்பது ரத்த அளவையும் நம்ம நிஜ வயசையும் சேர்த்துப் போடுற கணக்கு அது. அந்த ஒன்பதுல சி.ஆர்.பி.யும் (உடம்புல அழற்சி இருந்தா ஏறுற புரதம்) வெள்ளை அணுவும் உண்டு. சளி, காய்ச்சல் வந்தாலே ரெண்டும் ஏறிடும். நிறைய பேரை வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்குச் செஞ்ச கணக்கை, சளியோட இருக்கிற ஒருத்தனுக்குப் போட்டு "உங்களுக்கு ஒன்பது வருஷம் கூடிப்போச்சு"ன்னு மிரட்டுறது எந்த ஊர் நியாயம்?

சரி, எப்படி விழவெச்சாங்கன்னு சொல்றேன். இதைத்தான் முக்கியமா கவனிக்கணும்.

ஆலோசகர் அம்மா போன் பண்ணாங்க. இப்ப வாங்குங்க, ஆஃபர் முடியப்போகுதுன்னு பேசுவாங்கன்னு நெனச்சேன். அவங்க விலையைப் பத்தி வாயே திறக்கல. "வீட்ல யாருக்காவது ஹார்ட் ப்ராப்ளம் இருந்திருக்கா சார்?"னு கேட்டாங்க. அப்பா அறுபதுகூட ஆகாம அட்டாக்ல போயிட்டார்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் குரலை இறக்கி, "எங்க அப்பாவும் அப்படித்தான் சார் போனார். அதனாலதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்"னாங்க. கடைசியில, "இன்னைக்கே முடிவு பண்ணணும்னு இல்ல. வீட்ல கலந்து பேசிட்டு நிதானமா சொல்லுங்க"ன்னு வெச்சுட்டாங்க. அவசரப்படுத்தாத ஆளை எப்படிங்க சந்தேகப்படுறது? பரிந்துரைச் சீட்டுல டாக்டர் கையெழுத்து வேற இருந்துச்சு. பணம் கட்டினேன்.

(பின்னாடி அந்த அம்மா காணாமப் போய் வேறொரு ஆலோசகர் வந்தார். அவரோட அப்பாவும் அட்டாக்லதான் போனாராம். அதனாலதான் அவரும் இந்த வேலைக்கு வந்தாராம். வசனம் எழுதிக் கொடுத்தவன் ஆளுக்கு ஒண்ணா மாத்தியாவது எழுதியிருக்கலாம்.)

மாத்திரை வந்துச்சு. முதல் பாட்டில்ல என்.எம்.என் (உடம்புல என்.ஏ.டி.ங்கிற பொருளா மாறுறது), ரெஸ்வெரட்ரால் (திராட்சைத் தோல்ல இருக்கிறது), கிரீன் டீ சாறுன்னு வரிசையா பேர். எது எவ்வளவுன்னு கிடையாது, "தனிக் கலவை"ன்னு மொத்த எடை மட்டும். கேட்டா "நோபல் வாங்கின ஆராய்ச்சி சார் இது"ன்னாங்க. 2016ல யோஷினோரி ஒசுமிக்கு நோபல் கிடைச்சது உண்மை. ஆனா அது செல் தன்னோட கழிவைத் தானே எப்படிச் செரிச்சுக்குதுன்னு ஈஸ்ட்டை வெச்சுக் கண்டுபிடிச்சதுக்கு, இவங்க டப்பாவுக்கு இல்ல. ரெஸ்வெரட்ரால் கதையும் தெரிஞ்சுக்கோங்க. 2003ல ஈஸ்ட்டோட ஆயுளைக் கூட்டுதுன்னு செய்தி வந்து உலகமே ஆடுச்சு. அதை நம்பிக் கிளம்பின ஒரு கம்பெனியை கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன்ங்கிற பெரிய மருந்துக் கம்பெனி 2008ல 72 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2013ல மூடிடுச்சு. அமெரிக்க அரசோட முதுமை ஆய்வு நிறுவனம் சாதாரண எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தப்போ ஆயுள் கூடல. என்.எம்.என் ரத்தத்துல என்.ஏ.டி. (செல்கள் சக்தி எடுக்க உதவுற பொருள்) அளவை ஏத்துதுன்னு காட்டியிருக்காங்க. அதனால மனுஷன் கூடுதலா வாழ்ந்தான்னு இதுவரைக்கும் யாரும் காட்டல.

ரெண்டாவது பாட்டில்தான் கொடுமை. "நுரையீரல் பாதுகாப்பு"ன்னு எழுதி பீட்டா கரோட்டின் (கேரட்ல இருக்கிற, உடம்புல வைட்டமின் ஏ ஆகுற நிறமி). சேரும்போது கொடுத்த கேள்வித் தாள்ல புகைப்பழக்கம் உண்டுன்னு டிக் பண்ணியிருந்தேன். உண்டுன்னு சொன்னவனுக்குத்தான் இதை அனுப்பியிருக்காங்க! பின்லாந்துல 29,000 புகைப்பிடிக்கிற ஆண்களுக்கு வருஷக்கணக்குல கொடுத்துப் பார்த்து 1994ல முடிவைச் சொன்னாங்க: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவுல நடந்த இன்னொரு ஆய்வுல ஆபத்து தெரிஞ்சதும் 1996ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. அவ்வளவு பழைய செய்தி. ஆயுளைக் கூட்ட வந்த ஆலோசகர் ஒரு தடவைகூட "சிகரெட்டை விடுங்க சார்"னு சொல்லல. அதை விக்க முடியாதே.

அப்புறம் "முன்னேற்றம் பார்க்க" திட்டத்துலயே அடங்கின ரெண்டாவது ரத்தப் பரிசோதனை. டி.எஸ்.எச் (தைராய்டை வேலை வாங்குற ஹார்மோன், தைராய்டு அதிகமா சுரந்தா இது குறையும்) வெறும் 0.08, டி4 (தைராய்டு சுரக்கிற ஹார்மோன்) எக்கச்சக்கம். "தைராய்டு ஓவரா வேலை செய்யுது சார், நல்லவேளை நாம சீக்கிரமே கண்டுபிடிச்சோம்"னு போன். அந்தப் பயத்துலதான் அந்த 9,000 போச்சு.

வீட்ல திட்டி, வழக்கமா பார்க்கிற டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. பாட்டில் எல்லாத்தையும் கொண்டு வரச் சொன்னார். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு, பாட்டிலை மூக்குக்கிட்ட வெச்சு ஒவ்வொரு வரியா படிச்சார். ஒரு இடத்துல விரலை வெச்சு நிறுத்தினார். பயோட்டின்ங்கிற பி வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு வேண்டியது 30தான். "உங்க தைராய்டுக்கு ஒண்ணும் இல்ல. இந்த மாத்திரைதான் மெஷினை ஏமாத்துது. எல்லாத்தையும் நிறுத்துங்க, ஒரு வாரம் போகட்டும், வேற லேப்ல எடுத்துட்டு வாங்க"ன்னார். எடுத்தேன். டி.எஸ்.எச் 2.1. நார்மல்.

விஷயம் என்னன்னா, பல லேப்ல இந்தப் பரிசோதனைக்குப் பயோட்டினையே கொக்கி மாதிரி வெச்சு ஹார்மோனைப் பிடிக்கிறாங்க. ரத்தத்துல ஏற்கெனவே பயோட்டின் கொட்டிக்கிடந்தா கணக்கு குழம்பி, டி.எஸ்.எச் குறைஞ்சும் டி4 கூடியும் காட்டும். பார்க்கிறவங்களுக்கு அச்சு அசல் தைராய்டு நோய். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் பரிசோதனையும் இதே மாதிரி குறைச்சுக் காட்டலாம். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2017லயே எச்சரிக்கை விட்டிருக்கு. அப்படித் தப்பா காட்டி ஒருத்தர் இறந்ததும் அதுல இருக்கு. எங்க அப்பா அட்டாக்ல போனதைக் கேட்டு வாங்கித்தானே எனக்கு இதை வித்தாங்க?

அந்தத் தைராய்டு டப்பாவுல ஐயோடினும் அஸ்வகந்தாவும். "நிஜமாவே உங்களுக்கு தைராய்டு ஓவரா இருந்திருந்தா இதைச் சாப்பிட்டு இன்னும் மோசமாகியிருக்கலாம்"னு டாக்டர் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஆரம்பிச்சுது கூத்து.

முதல்ல, "உங்க டாக்டருக்கு நியூட்ரிஷன் தெரியாது சார், படிக்கும்போது அவங்களுக்குச் சொல்லித் தர்றதில்ல." ரெண்டு லேப் ரிப்போர்ட்டையும் அனுப்பினேன். "மெடிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கோம்." அந்த டீம்ல யாராவது ஒருத்தர்கிட்ட பேசணும்னேன். "அவங்க கஸ்டமர்கிட்ட நேரடியா பேச மாட்டாங்க." சீட்டுல கையெழுத்துப் போட்ட டாக்டர்? "அவர் இப்ப எங்களோட இல்ல சார்." லேபைக் கேட்டா, "ரத்தம் அனுப்பினது அவங்க, நீங்க அவங்ககிட்டதான் பேசணும்." இவங்களைக் கேட்டா, "அது பார்ட்னர் லேப், நாங்க பொறுப்பில்ல." சீல் பிரிச்ச பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டாங்களாம். சீல் பிரிக்காம எப்படிங்க மாத்திரை சாப்பிடுறது? கடைசியில விதிமுறைன்னு ஒரு நீளமான பக்கத்தை அனுப்பினாங்க. அதுல பொடி எழுத்துல "இந்த அறிக்கை மருத்துவ ஆலோசனை அல்ல". 48,000 வாங்கும்போது டாக்டர் கையெழுத்து, திருப்பிக் கேட்டா மருத்துவமே இல்ல.

அவங்க பக்கத்துலயே நடந்ததை எழுதினேன். சாயங்காலத்துக்குள்ள தூக்கிட்டாங்க. "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்"னு சொல்லி அடுத்த மூணு மாசத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினாங்க. 48,000ஐத் தின்னுட்டு கூப்பன்! இதுக்கு நடுவுல கார்டுல அடுத்த தவணை எடுக்கப் போறதா மெசேஜ் வேற. தானா புதுப்பிச்சுக்குமாம்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதறேன்னு ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. சட்டுன்னு சொல்லிடறேன். பயோட்டின் சாப்பிடுறவங்க ரத்தம் கொடுக்கும்போது டாக்டர்கிட்டயும் லேப்லயும் சொல்லுங்க. தைராய்டுக்குன்னா குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்றாங்க, அளவு அதிகம்னா இன்னும் முன்னாடி. புகைப்பிடிக்கிறவங்க, விட்டவங்க பீட்டா கரோட்டின் பக்கமே போகாதீங்க. "தனிக் கலவை"ன்னு அளவை மறைச்சிருந்தா வாங்காதீங்க. பரிசோதிக்கிறவனே மாத்திரையும் விக்கிறான்னா அந்த ரிப்போர்ட்டை வேறொரு டாக்டர்கிட்ட காட்டாம காசு எடுக்காதீங்க. பிரஷர், சுகர், கொழுப்பு பார்க்கிறது, தடுப்பூசி, வயசுக்கு ஏத்த புற்றுநோய்ப் பரிசோதனை, இதுக்கெல்லாம் எந்த ஆலோசகரும் வேண்டாம். கார்டு விவரத்தை அவங்க தளத்துல விட்டு வைக்காதீங்க.

வங்கியில புகார் கொடுத்து அடுத்த தவணையை நிறுத்தச் சொல்லியிருக்கேன். 48,000க்கு நுகர்வோர் புகாரும் எழுதிட்டிருக்கேன். இதே மாதிரி மாட்டினவங்க இருந்தா ரிப்போர்ட், பில், சாட் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, என்னோட சாட்டை அவங்க பக்கத்துல ஏற்கெனவே அழிச்சுட்டாங்க.