தேடி எடுத்த ரெண்டு பழைய கோடாலி, நாலு வருஷ பாவனைக்குப் பிறகு

2022-ல இலங்கையில கேஸ் சிலிண்டர் இல்லாம மண்ணெண்ணெய்க்கும் க்யூவுல நின்னது மலையில இருக்குற யாருக்கும் மறந்திருக்காது. லயத்துல, அதான் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுங்கள்ல, பாதி வீட்டுல எப்பவும் விறகு அடுப்புதான், நாங்கதான் கேஸுக்கு மாறியிருந்தோம், அதனால எங்களுக்குத்தான் அடி. டவுன்ல போய் ஒரு புது கோடாலி வாங்குனேன், செவப்பு பெயின்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு. மூணாவது வாரம் காஞ்ச சவுக்கு கட்டையில ஒரு கணுவ பாத்து போட்டேன், வாய் மடிஞ்சு போச்சு. சில்லு பேந்தாக்கூட மனசு ஆறியிருக்கும், தகரம் மாதிரி மடிஞ்சிருச்சு. அரத்த வச்சு தேச்சு பாத்தப்ப வெண்ணெய்ல கத்தி போற மாதிரி அரம் போகுது, அப்பவே தெரிஞ்சுது அதுல பதமே, அதாவது எஃகுக்கு சூடு காட்டி ஏத்துற கெட்டித்தன்மையே இல்லைன்னு.

அப்பா அத கையில வாங்கி பாத்துட்டு, "தாத்தா வச்சிருந்த கோடாலிய ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா கல்லுல போட்டா போதும், தம்பி"ன்னாரு. அந்த கோடாலி எங்க போச்சுன்னு கேட்டா பழைய இரும்புக்கு போட்டாச்சாம். அன்னைக்குத்தான் பழைய இரும்புக்கடை பக்கம் போக ஆரம்பிச்சேன். ஹட்டன்ல ஆரம்பிச்சு தலவாக்கலை, நாவலப்பிட்டி வரைக்கும் ஞாயித்துக்கிழமைல ஏறி எறங்கியிருக்கேன். தோட்டத்து சாமான் எல்லாம் கடைசியா அங்கதான் போய் சேருது, தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுற கத்தி, மண்ணு கொத்துற முள்ளு, அலவாங்குன்னு சொல்ற கடப்பாரை, உடைஞ்ச இயந்திர பல்சக்கரம், அதுக்கு அடியில கோடாலி தலை கெடக்கும். விலை கிலோ கணக்குதான்.

எடுக்கும்போது நான் பாக்குறது இதுதான். மொதல்ல காம்பு போற கண்ணு, அதுல வெடிப்பு இருந்தா சும்மா குடுத்தாலும் வேணாம். கம்பியில தொங்கவிட்டு இன்னொரு இரும்பால தட்டுனா நல்ல தலை மணி மாதிரி சத்தம் குடுக்கும், வெடிச்சது மண்சட்டி மாதிரி மொக்கையா கேக்கும். பின்பக்க மொட்டைய சுத்தியல் மாதிரி வச்சு அலவாங்கு, ஆப்பு எல்லாம் அடிச்சு காளான் மாதிரி விரிஞ்ச தலை நெறைய வரும், அதுலயும் கண்ணு ஒடுங்கியிருக்கும். அப்புறம் வாய்ல எவ்வளவு எஃகு மிச்சம் இருக்குன்னு பாக்கணும். பழைய கோடாலி பலதுல ஒடம்பு மெத்து இரும்பு, வாய்ல மட்டும் கெட்டி எஃகு வச்சு நெருப்புல ஒட்டியிருப்பாங்க, அந்த எஃகு தேஞ்சு தீந்திருந்தா நீங்க என்ன தீட்டுனாலும் அது வெறும் இரும்புதான். துரு பயம் இல்ல, ஆழமா குழி விழுந்த துரு வாய்க்கிட்ட இருந்தா மட்டும் விட்டுருங்க.

எனக்கு கெடைச்ச மொத நல்ல தலை எல்வெல்ங்கற கம்பெனியோடது. இங்கிலாந்துல வெட்னஸ்பரியில செஞ்சது, பேரு பாதி அழிஞ்சிருந்துச்சு, கீழ 4-ன்னு ஒரு நம்பர், அது எடை, நாலு றாத்தல், அதாவது நாலு பவுண்டு. கண்ணுக்கு ரெண்டு பக்கமும் கூரான காது மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும், கென்ட் பேட்டர்ன்னு சொல்லுவாங்க, அந்த காதுதான் காம்ப எறுக்கி புடிக்குது. ரெண்டாவது ஒரு கைக்கோடாலி, கோழிக்கூட்டு கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருந்த ஒரு வீட்டுல கேட்டு வாங்குனேன். துரு போனதுக்கு அப்புறம் பாத்தா பக்கத்துல அகல அம்புக்குறி, பிரிட்டிஷ் அரசாங்க ராணுவ சொத்துக்கு போடுற முத்திரை. ரெண்டாம் உலகப்போர் நேரம், 1944-ல மவுண்ட்பேட்டனோட தென்கிழக்காசிய கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்து உக்காந்த நாடு இது, அதனால அம்பு போட்ட சாமான் மலைநாட்டுல கெடக்குறது அதிசயமில்ல. இன்னொரு விஷயம், சில தலைல வாரன்டெட் காஸ்ட் ஸ்டீல்னு பொறிச்சிருக்கும், அத பாத்து வார்ப்பு இரும்புன்னு நெனச்சு ஒதுக்கிறாதீங்க. அது மூசைன்னு சொல்ற சூளைப் பாத்திரத்துல உருக்கி எடுத்த எஃகு, 1740 வாக்குல ஷெஃபீல்ட் பக்கம் ஹன்ட்ஸ்மன் கொண்டுவந்த முறை, அந்த காலத்துல அதுதான் நல்ல எஃகு.

துரு எடுக்க ரெண்டு வழியும் பண்ணியிருக்கேன். கைக்கோடாலிய வினாகிரில ஒரு நாள் முழுக்க போட்டேன், நடுவுல ரெண்டு தடவ எடுத்து பிரஷ் போட்டேன். எடுத்த ஒடனே அப்பச்சோடா கலந்த தண்ணில கழுவி அடுப்புக்கிட்ட வச்சு காய வைக்கணும், இல்லைன்னா கண்ணு முன்னாலயே செம்மண் கலர்ல துரு திரும்ப பூக்கும். வினாகிரி போட்டதுல ஒரு நல்லது, ஒடம்பு இரும்பும் வாய் எஃகும் வேற வேற சாம்பல் கலர்ல தெரியும், நடுவுல ஒரு கோடு ஓடும். அந்த கோட்ட மொத தடவ பாத்தப்ப நான் அம்மாவ கூப்பிட்டு காட்டுனேன். எழுபது எம்பது வருஷத்துக்கு முன்னால யாரோ ஒருத்தர் சம்மட்டி அடிச்சு சேத்த எடம் இன்னும் பிரியாம இருக்கு.

எல்வெலுக்கு கரண்ட் முறை. பிளாஸ்டிக் வாளி, தண்ணி, சலவைச்சோடா ஒரு கைப்பிடி, பன்னெண்டு வோல்ட் பெட்டரி சார்ஜர். கறுப்பு வயர் கோடாலிக்கு, செவப்பு வயர் ஒரு பழைய இரும்பு தகட்டுக்கு, ரெண்டும் தொடக்கூடாது. அந்த தகட்டுக்கு மட்டும் எவர்சில்வர் போடவே போடாதீங்க, அதுல இருந்து வர்ற குரோமியம் விஷம். வர்ற குமிழி ஹைட்ரஜன், அதனால வீட்டுக்குள்ள வேணாம், வாசல்ல வச்சு செய்ங்க. இந்த முறைல நல்ல இரும்பு கரையாது, வினாகிரில மறந்து போய் நாள்கணக்கா விட்டா இரும்பையும் திங்கும்.

அடுத்தது தீட்டுறது, இதுல ஒரு தப்பு பண்ணி ரொம்ப வருத்தப்பட்டேன். அவசரத்துல எல்வெல கிரைண்டர்ல புடிச்சேன், ஒரு செகண்ட்தான், வாய் ஓரம் நீலமா மாறிருச்சு. நீலம் வந்துச்சுன்னா அந்த எடத்துல சூடு முந்நூறு டிகிரி கிட்ட போயிருச்சு, பதம் எறங்கிருச்சுன்னு அர்த்தம். அந்த நீலத்தோட சேத்து மூணு நாலு மில்லிமீட்டர் எஃக கை அரத்தால ராவி எடுக்க வேண்டியதா போச்சு, அத்தன வருஷம் தேயாம இருந்த எஃகு என் கையால போச்சுங்கறது இப்பவும் உறுத்தும். அதுக்கப்புறம் கிரைண்டர் பக்கமே போறதில்ல. அரம், பிறகு தீட்டுக்கல், அவ்வளவுதான். நேரம் பிடிக்கும், ஒரு சாயந்தரம் முழுக்க போகும், ஆனா சூடு ஏறாது.

ஆனா நாலு வருஷத்துல எனக்கு அதிகமா பாடம் சொல்லிக் குடுத்தது இரும்பு இல்ல, காம்புதான். மொத காம்பு கடையில வாங்குனது, மூணு மாசத்துல கழுத்துல முறிஞ்சுச்சு, தலை பறந்து போய் பீலிக்கரையில விழுந்துச்சு, நல்லவேளை அங்க யாரும் தண்ணி எடுத்துக்கிட்டிருக்கல. முறிஞ்ச துண்ட எடுத்துக்கிட்டு பட்டறை ஆசாரி ஐயாகிட்ட போனேன். அவரு வெளிச்சத்துல திருப்பி பாத்துட்டு, "நாரு குறுக்க ஓடிருக்கு தம்பி, இது என்னைக்கோ முறிய வேண்டியது"ன்னாரு. நுனிய பாத்தா ரேகை வாய் இருக்குற திசையிலயே ஓடணும், பக்கத்துல இருந்து பாத்தா நாரு காம்போட ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் விட்டுப்போகாம வரணும். அவரு சொல்லி கொய்யா மரத்துல செஞ்சேன். அறுத்த கட்டையில இல்லாம பொளந்த கட்டையில செதுக்குனா நாரு தன்னால நேரா வரும்.

இங்க பெரிய பிரச்சினை ஈரம். மே மாசம் மழை புடிச்சா பொகவந்தலாவ பக்கம் மாசக்கணக்குல துணி காயாது, மரம் ஊதிக்கிட்டு தலை கல்லு மாதிரி நிக்கும். தை மாசி பனிக்காத்து அடிச்சா மரம் சுருங்கி தலை ஆடும். ஆடுனா எல்லாரும் சொல்றது தண்ணி வாளில போடுன்னுதான், நானும் போட்டேன், ஒரு வாரம் நல்லா நின்னுச்சு, அப்புறம் முன்ன விட மோசமா ஆடுச்சு. ஊதுற மரம் இரும்புக்குள்ள நசுங்கிருது, திரும்ப காயும்போது இன்னும் ஒல்லியாயிருது, அதான் காரணம். இப்ப நான் பண்றது, பொளந்த கொய்யாவ அடுப்புக்கு மேல பரண்ல ஆறு மாசத்துக்கு மேல பொகையில போட்டு வச்சு, மழை இல்லாத மாசத்துலதான் காம்பு போடுறேன். அவ்வளவு காஞ்ச மரம் அதுக்கு மேல சுருங்க எடம் கம்மி. கீழ இருந்து ஏத்தி, மேல மர ஆப்பு அடிச்சு, லின்சீட் ஒயில், அதான் ஆளிவிதை எண்ணெய், தடவுறேன். தேங்காயெண்ணெய் வேணாம், அது காயாது, நாள்பட சிக்கு வாடை வரும். ஒயில் தொடச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, அது தன்னால சூடேறி தீப்புடிக்கும், விரிச்சு வெளியில காயப்போடுங்க.

இப்போதைக்கு நிலவரம், எல்வெல் தெனமும் வேலை செய்யுது. தோட்டத்துல கவ்வாத்து வெட்டுனா கெடைக்குற தேயிலைக் குச்சி, மிலாறுன்னு சொல்லுவோம், காத்துல விழுந்த சவுக்கு கிளை, யூக்கலிப்டஸ் கட்டை, எல்லாம் அதுலதான். காஞ்ச தேயில வேரு மட்டும் எல்லாத்தையும் விட கடினம், அதுல கூட வாய் மடியல, ரெண்டு தடவ சின்ன சில்லு பேந்துச்சு, தீட்டுனா போயிருச்சு. நாலு றாத்தல் அம்மாவுக்கு பாரம், அதனால அடுப்படி வேலைக்கு அம்பு போட்ட கைக்கோடாலிதான், அத அவங்க யாருக்கும் எரவல் குடுக்குறதில்ல. புதுசா வாங்குன செவப்பு கோடாலிய தீட்டி தீட்டி பாத்துட்டு, மண்ணுக்குள்ள இருக்குற வேரு வெட்ட ஒதுக்கி வச்சிருக்கேன், அதுக்கு மேல அதுல ஒண்ணும் எதிர்பாக்க முடியாது.

காசு கணக்கு கேக்குறவங்களுக்கு, எல்வெல் தலை, அரம், ஒயில், காம்பு எல்லாம் சேத்தும் எனக்கு அந்த புது கோடாலிய விட கம்மியாத்தான் ஆச்சு, என் நேரத்த கணக்கு பண்ணல. கைக்கோடாலி காம்புல கழுத்துக்கிட்ட ஒரு மயிர் வெடிப்பு தெரியுது போன வாரம். பரண்ல ரெண்டு கொய்யா கட்டை போன வருஷத்துல இருந்து கெடக்கு, தை பொறந்து வெயில் புடிச்சதும் மாத்திருவேன், அதுவரைக்கும் அத வச்சு வெட்ட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.