அயல்நாட்டு மானியம் வாங்கும் சங்கத்துக்கு ஸீரோ மென்பொருள் சரிப்படுமா?

2025 ஜூலையில் அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கடையை மூடிய பிறகு, ஒரே பெரிய கொடையாளரை நம்பியிருக்க வழியில்லை. கனடாவின் உள்ளூர் முயற்சி நிதி, ஜப்பானின் அடித்தள மானியம் என்று இரண்டு மூன்றைச் சேர்த்து ஓட்டும், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் சங்கங்களில் முதலில் சிக்கலாவது கணக்கு. அதற்கு ஸீரோ (Xero) என்ற இணையவழிக் கணக்கு மென்பொருள் பெரும்பாலும் போதும், ஆனால் முதல் ரேண்ட் வருவதற்கு முன்பே அமைப்பைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும்.

இதில் ஒவ்வொரு பதிவிலும் ஒட்டும் குறியீடான 'டிராக்கிங்' வகை இரண்டுதான் ஒரே நேரத்தில் இயங்கும். ஒன்றைக் கொடையாளருக்கும் மற்றதைப் பணிக்கும் (பயிற்சி, சமையற்கூடம், நிர்வாகம்) ஒதுக்குங்கள். 'பொது நிதி'யும் ஒரு கொடையாளராக இருக்கட்டும். பலர் செய்யும் தவறு, செலவுத் தலைப்பிலேயே பெயரை ஒட்டுவது: 'ஜப்பான் பெட்ரோல்', 'கனடா பெட்ரோல்'. அப்படிச் செய்தால் மொத்த பெட்ரோல் செலவு எவ்வளவு என்று தணிக்கையாளர் கேட்கும்போது கையால்தான் கூட்ட வேண்டும்.

குறியீடு போட மறந்தாலும் ஸீரோ தடுக்காது. மாதக் கடைசியில் லாப நட்ட அறிக்கையை டிராக்கிங் வாரியாக எடுத்து, ஒதுக்கப்படாத தொகை நிற்கும் பத்தி காலியா என்று பாருங்கள். சரியென்றால் அந்த மாதத்தைப் பூட்டிவிடுங்கள்.

பெரிய குறை ஒன்று: இருப்புநிலைக் குறிப்பு டிராக்கிங் வாரியாகப் பிரியாது. எந்தக் கொடையாளரின் பணம் எவ்வளவு மிச்சம் என்று அங்கே தெரியாது. ஆகவே இங்கே மட்டும் விதிவிலக்காக, கொடையாளருக்கு ஒன்றாக 'முன்கூட்டிப் பெற்ற மானியம்' என்று பொறுப்புக் கணக்கு (இன்னும் செலவழித்துக் காட்ட வேண்டிய பணத்துக்கான கணக்கு) திறக்க வேண்டும். தவணை வந்ததும் அதில் வரவு வையுங்கள். மாதந்தோறும் செலவான அளவை மட்டும் ஜர்னல் (கணக்குக்குக் கணக்கு மாற்றும் பதிவு) போட்டு வருமானத்துக்கு மாற்றுங்கள். முழுத் தவணையையும் வந்த நாளிலேயே வருமானமாக எழுதினால், முதலாண்டு உபரியாகவும் மறு ஆண்டு பற்றாக்குறையாகவும் தெரியும். செயற்குழுவும் உபரி என்று நம்பிச் செலவழித்துவிடும்.

பல நாணய வசதி விலை கூடிய திட்டத்தில்தான் உண்டு. வங்கி யூரோவை வந்தவுடன் ரேண்டாக மாற்றிவிடுமானால் அது தேவையில்லை. ஸீரோ, எக்ஸ்இ (XE) என்ற நாணய மாற்றுத் தளத்தின் விகிதத்தை எடுக்கும். ஒப்பந்தமோ ஐரோப்பிய ஒன்றியத்தின் மாத விகிதத்தையோ, வங்கி தந்த விகிதத்தையோ கேட்கலாம். எனவே கொடையாளர் அறிக்கையை ரேண்டில் இறக்கி, எக்செல்லில் மாற்றுவதே பாதுகாப்பு.

சில கொடையாளர்கள் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியை ஏற்பதில்லை. சங்கம் வரிக்குப் பதிவாகாதபோது 1,150 ரேண்ட் பில்லை இரண்டு உருப்படியாகப் பிரித்துப் போடுங்கள்: 1,000 கொடையாளருக்கு, 150 பொது நிதிக்கு.

தென்னாப்பிரிக்கச் சம்பளப் பட்டியல் ஸீரோவில் இல்லை. சிம்பிள்பே போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். ஊழியர் நேரப் பட்டியலை வைத்துச் சம்பளத்தைப் பங்கிடுங்கள். ஒரே ஊழியரை ஒரு கொடையாளரிடம் 60, இன்னொருவரிடம் 50 சதவீதமாகக் காட்டிய சங்கத்தைத் தணிக்கையாளர் விடமாட்டார்.

விலைப்புள்ளி, ரசீது, தீர்மானம் எல்லாவற்றையும் பதிவோடேயே இணைக்க முடிவதும், யார் எப்போது திருத்தினார் என்ற தடம் அழியாததும் உண்மையிலேயே நல்லவை. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கை கொடுக்கும்போது இவை கைகொடுக்கும். ஒரே ஒரு தூதரக மானியம் மட்டும் உள்ள சங்கம் மாதக் கட்டணம் கட்ட வேண்டாம், எக்செல் போதும்.