கந்தளாய்க் குளக்கரை நடை: ஒரு பகல் பயணச் சேவை

திருகோணமலையிலிருந்து ஒரே பகலில் சென்று திரும்பக்கூடிய பயணங்களுள் கந்தளாய்க் குளக்கரை நடையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அவ்விடத்துக்கு வாகனத்தில் கூட்டிச் சென்று, குளக்கட்டு, ஓடைகள், பேராறு என்னும் ஆற்றின் கரை என நடந்தே காட்டி, மாலையில் நகரில் கொண்டுவந்து விடும் இச்சேவையை அப்பகுதி வழிகாட்டிகள் சிலர் நடத்துகின்றனர். கவுடுல்ல போன்ற தேசியப் பூங்காக்களில் நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. ஆகவே நீரின் போக்கிலேயே நடக்க விரும்புவோருக்கு இது அருமையான வாய்ப்பு.

குளத்தின் பரப்பைக் காட்டி வியக்கவைப்பதோடு இவர்கள் நின்றுவிடுவதில்லை. பேராற்றை மறித்து எழுந்த, 4 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான கட்டும், மின்னேரியாவிலிருந்து நீர் கொண்டுவரும் பழைய பெருங்கால்வாயும், தம்பலகாமத்து வயல்களுக்குப் பாயும் வாய்க்கால்களும் ஒன்றோடொன்று இணையும் விதத்தை எங்கள் வழிகாட்டி மண்ணில் கோடு கிழித்து விளக்கினார். குளத்தைக் கட்டியவர் குளக்கோட்ட மன்னன் என்னும் தமிழ் மரபையும், 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனுக்கு அதை உரியதாக்கும் கூற்றையும், ஒன்றால் மற்றதை மறைக்காமல் அவர் சொன்ன நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் அவர் நிதானமாக எடுத்துரைத்தார். அதைக் கேட்டறிந்த பின்னரே கட்டுக்குக் கீழே இறங்கி நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆற்றோரப் பகுதியே இந்நடையின் உயிர். மருத மரங்களின் நிழலில், வேர்களைத் தாண்டித் தாண்டிச் செல்லும் தடத்தில், மீன்கொத்தியும் நத்தைகுத்தி நாரையும் மிக அருகில் தென்படுகின்றன. வற்றிய ஓடை மணலில் புதிய யானைத் தடங்களைக் கண்டதும் வழிகாட்டி, யாரும் கேட்பதற்கு முன்பே வேறு வழியாகத் திருப்பினார். முதலை உண்டு என்பதால் எவரையும் குளிக்க விடவில்லை. இக்கண்டிப்புக்காகவே இவர்களை நம்பலாம்.

குறைகளும் உண்டு. காலை எட்டு மணிக்குப் பிறகே புறப்படுவதால், நிழலே இல்லாத கட்டின் மேல் உச்சி வெயிலிலும் கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்றிலும் நடக்க நேர்கிறது. விடியலில் புறப்பட்டால் இத்துன்பம் இராது. சேற்று நீரில் இறங்குவதற்கு முன், அந்நீரிலுள்ள கிருமி புண் வழியே புகுவதால் வரும் எலிக்காய்ச்சல் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதது அதைவிடப் பெரிய குறை. காலில் புண் உள்ளவர்கள் நீரில் இறங்காதிருப்பதே நல்லது. மற்றவர்களும் மூடிய சப்பாத்து அணிந்து செல்ல வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களே இதற்கு ஏற்றவை. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் ஓடைகளைக் கடப்பது ஆபத்து. சிறு குழந்தைகளுடன் செல்வோர் குளக்கட்டோடு நிறுத்திக்கொள்ளுமாறு முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் இசைகின்றனர்.