செய்துகொடுப்பதா, விட்டுவிடுவதா, கூட நிற்பதா?

நான்கு வயதுக் குழந்தை பட்டனோடு மல்லுக்கட்டுகிறது. கிளம்ப நேரமாகிவிட்டது. நாமே போட்டுவிடலாம், 'நீயே பார்த்துக்கோ' என்று நகர்ந்துவிடலாம், பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சமாகக் கைகொடுக்கலாம்.

நாமே போட்டுவிட்டால் வேலை சட்டென்று முடியும், அழுகையும் இருக்காது. அவசரத்துக்கு அப்படிச் செய்வதில் தப்பில்லை. அதுவே வழக்கமாகும்போதுதான் சிக்கல். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், 4, 5 வயதுக் குழந்தைகள் திணறிய புதிரைப் பெரியவர் வாங்கி முடித்துக் கொடுத்தார். அந்தக் குழந்தைகள் அடுத்து வந்த கடினமான வேலையில் சீக்கிரமே கையை விரித்துவிட்டார்கள். உதவியோடு சேர்ந்து 'உன்னால் ஆகாது' என்பதும் காதில் விழுந்திருக்கும் போல.

'தனியே விட்டால்தான் கெட்டிப்படும்' என்பவர்களுக்கு ஹவாயின் கவாய் தீவைக் காட்டலாம். அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை என்று பல பாரங்களைச் சுமந்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது, அக்கறையுள்ள ஒரு பெரியவராவது உடன் இருந்தது. ஆக, விட்டுவிடுவதற்குப் பொருத்தமான நேரம் ஒன்றுதான்: குழந்தையே 'நானே, நானே' என்று நம் கையைத் தள்ளும்போது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. அதற்குப் பொறுமை வேண்டும், அது நம்மிடம்தான் குறைவு. 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரத்துண்டுகளால் கோபுரம் கட்டப் பெரியவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்து எழுதினார்கள். அங்கிருந்து வளர்ந்த நடைமுறை எளிது: தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, வந்துவிட்டால் ஒரு படி குறை. பட்டனுக்கு முதலில் சும்மா காத்திருப்பு. அப்புறம், 'ஓட்டை எங்கே இருக்கு பார்' என்று ஒரு வார்த்தை. அதற்கும் வரவில்லையா, பட்டனைப் பாதி நுழைத்துவிட்டு மீதியை இழுக்கச் சொல்வது. கடைசி இழுப்பு குழந்தையுடையதாக இருக்கட்டும்.

பாராட்டும்போது 'நீ புத்திசாலி' என்பதைவிட 'திருப்பிப் பிடிச்சுப் பார்த்தியே, அதான் வந்துச்சு' என்பது மேல். அடுத்த முறை என்ன செய்வது என்று அதில் இருக்கிறது.

சரி, நம் டப்பா மூடி திறக்காதபோதும் மறைக்க வேண்டாம். பெரியவர் திணறித் திணறி ஜெயிப்பதைப் பார்த்த 15 மாதக் குழந்தைகள், தங்களுக்குக் கிடைத்த பொம்மையின் வேலை செய்யாத பொத்தானை மற்றக் குழந்தைகளைவிட அதிக முறை அழுத்திப் பார்த்தார்கள் என்கிறது 2017-இல் வந்த ஆய்வு.