மலிவு விலை கட்டானா: வீட்டில் வைக்கவும் பராமரிப்பு பழகவும் எதை வாங்கலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அழகாக வைக்கவும் வேண்டும், கட்டானா என்ற வளைந்த ஜப்பானிய நீள வாளின் பராமரிப்பைக் கையால் செய்து பழகவும் வேண்டும் என்றால், துருப்பிடிக்கக்கூடிய, முழுசாகக் கழற்றிப் பூட்டக்கூடிய வாளாகப் பார்த்து வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். லேசில் துருப்பிடிக்காத வாளுக்கு எண்ணெய் பூசிப் பழகி என்ன ஆகப் போகிறது? பிடி கழறாத வாளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் கடைசிவரை தெரியாது. நான் வாங்கியது 1060 கார்பன் ஸ்டீலில் செய்த, கூர் தீட்டாத கட்டானா. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள லோங்சுவான் ஊர்ப் பட்டறை ஒன்றில் செய்தது, அனுப்பும் செலவோடு சேர்த்து சுமார் 180 கனடிய டாலர். அந்த ஊருக்கு வாள் செய்வதில் நீண்ட பெயர் உண்டு, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஜப்பானிய பாணி வாள்களில் ஏராளமானவை அங்கிருந்துதான் வருகின்றன.

இதில் பாதி விலைக்கு மூன்று வாளும் ஒரு தாங்கியும் செட்டாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளமான கட்டானா, நடுத்தரமான வாக்கிஸாஷி, குட்டி தான்தோ. பெரும்பாலும் 420 அல்லது 440 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நண்பர் ஒருவர் வீட்டில் அந்த செட் இருக்கிறது, நாலடி தள்ளி நின்று பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. வெறும் அலங்காரம் போதும் என்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்த வகையில் பல வாள்களில் அலகு பிடிக்குள் நுழைந்ததுமே முடிந்துவிடும், அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய மரைக் கம்பியைப் பற்றவைத்து, பிடியின் அடியில் நட்டு போட்டு முறுக்கியிருப்பார்கள். வேகமாக வீசினால் அந்தப் பற்றவைப்பு விட்டு அலகு தனியாகப் பறக்கலாம், எதிரே யார் நின்றாலும் ஆபத்து. அதைத் தாங்கியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சும்மா ஒரு தடவை சுழற்றிப் பார்க்கலாம் என்று தோன்றினால்கூட வேண்டாம்.

வாங்கும் பக்கத்தில் நிறைய விருப்பத் தேர்வுகள் கொடுப்பார்கள். எந்த எஃகு, மடித்து அடித்ததா, முதுகோரம் பள்ளம் வேண்டுமா, அலகுக்கும் பிடிக்கும் நடுவில் வரும் கைக்காப்பில் டிராகனா பூவா, பிடிக்கயிறு என்ன நிறம் என்று போய்க்கொண்டே இருக்கும். மடித்து அடித்த எஃகுக்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜப்பானில் எஃகை மடித்து அடிப்பதற்குக் காரணம் உண்டு. ஷிமானே மாகாணத்தின் ஒக்குஇசுமோவில் களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறிப் போட்டு, மூன்று நாள் இரவும் பகலும் எரித்து எடுக்கும் தாமாஹாகானே எஃகில் கார்பன் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருக்கும், கசடும் கலந்திருக்கும். மடித்து மடித்து அடிப்பது அதைச் சமப்படுத்தி, கசடை வெளியேற்றத்தான். ஆலையில் உருக்கி வரும் 1060 ஏற்கெனவே சீராக இருக்கிறது, அதில் கார்பன் சுமார் 0.60 சதவீதம், 1045-இல் 0.45, 1095-இல் 0.95, அந்தப் பெயர்களின் கடைசி இரண்டு எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன. அதை மடிப்பதால் கிடைப்பது மேற்பரப்பில் தெரியும் கோலம் மட்டும்தான். மலிவுப் பட்டறையில் மடிக்கும்போது அடுக்குகள் சரியாக ஒட்டாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று, இந்த வாள்களை 'அசல் சாமுராய் வாள்' என்று விற்பவர்களை நம்பாதீர்கள். ஜப்பானில் வாள் செய்ய ஒரு கொல்லர் பல வருடம் குருவிடம் பயின்று உரிமம் வாங்க வேண்டும், உரிமம் வாங்கியவரும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்ய அனுமதி இல்லை. அப்படி வருகிற வாளின் விலை பல ஆயிரம் டாலர். நம்முடையது அந்த வடிவத்தில் செய்த வேறொரு பொருள், அப்படியே ஏற்றுக்கொண்டால் அதற்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது.

சரி, வந்த வாளைப் பற்றி. அலகு முழுக்கத் தடிமனான கிரீஸ் அப்பி, பிளாஸ்டிக் உறை சுற்றி வந்தது, கப்பலில் வரும் பொருளுக்கு அது தேவைதான். அலகு நேராக இருந்தது, கூர்ப்பக்கத்திலும் நெளிவு இல்லை. அலகின் அடியில் இருக்கும் ஹபாக்கி என்ற பித்தளைக் கவசம் உறையின் வாயில் இறுக்கமாக உட்காருகிறது, வாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் நழுவவில்லை. இந்த விலைக்கு இது எனக்குப் பெரிய திருப்தி. கைக்காப்பு கொஞ்சம் ஆடியது. அதற்கு இரு பக்கமும் வரும் செப்பா வில்லைகள் மெலிதாக இருந்ததுதான் காரணம், கொஞ்சம் தடிமனான வில்லையாக ஒன்று மாற்றியதும் சத்தம் நின்றது.

பிடியில்தான் குறை. கயிறு ஒவ்வொரு முடிச்சிலும் மாறி மாறி மேலே வர வேண்டும், இதில் எல்லா முடிச்சும் ஒரே பக்கமாகப் போகிறது. அழுத்தித் தள்ளினால் கயிறு லேசாக நகரவும் செய்கிறது. அடியில் இருப்பது உண்மையான திருக்கை மீன் தோல், ஆனால் பிடியைச் சுற்றி முழுசாகப் போர்த்தாமல் இரு பக்கமும் துண்டு துண்டாக ஒட்டியிருக்கிறார்கள். அலகில் தெரியும் அலைக்கோடு, அதாவது ஹாமோன், அமிலத்தால் வரைந்தது. அலகின் மேல் களிமண் பூசிச் சூடாக்கிக் குளிரவைக்கும்போது தானாக உருவாவதுதான் நிஜமான ஹாமோன், முதுகில் தடித்த களிமண் இருப்பதால் அந்தப் பக்கம் மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கும், கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், இரண்டும் சேருகிற எல்லையே அந்தக் கோடு. அதைப் பார்க்க ஆசைப்பட்டால் களிமண் பூசிய, டி10 என்ற வகை எஃகில் செய்த வாள் வாங்க வேண்டும், விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. பழகுவதற்கு அது தேவையில்லை. வரைந்த கோடு அலகைத் தேய்க்கத் தேய்க்க மங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி கழற்றுவது. பிடியில் இரண்டு மூங்கில் ஆணிகள் இருக்கும், மெகுகி என்பார்கள், வாளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அவைதான். ஆணியின் ஒரு முனை மெலிதாக இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து சிறிய பித்தளைச் சுத்தியால் தட்டி வெளியே தள்ள வேண்டும். பிறகு பிடியின் அடிப்பகுதியை இடது கையால் பிடித்து, அலகு மேல் நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க, வலது கை முஷ்டியால் இடது மணிக்கட்டின் மேல் தட்டினால் அலகு மெல்ல இளகி எழும்பும். புது வாளில் இது லேசில் நடக்காது, பட்டறையில் இறுக்கி அடித்திருப்பார்கள். மரக்கட்டை ஒன்றைக் கைக்காப்பின் மேல் அணைத்து வைத்து ரப்பர் சுத்தியால் இரு பக்கமும் மாறி மாறித் தட்டுங்கள், அவசரம் வேண்டாம். வில்லைகள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

வெளியே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நாககோவை, பிடிக்குள் போகும் வால் பகுதியை. என்னுடையதில் அது அலகோடு ஒரே இரும்பாக, பிடியின் பெரும்பகுதி நீளத்துக்குப் போகிறது, பற்றவைப்பு எதுவும் இல்லை. பிடி மரத்தின் உள்ளே ஓரிடத்தில் இடைவெளியை மரச்சீவல் வைத்து அடைத்திருந்தார்கள், வெடிப்பு இல்லை. இந்தச் சோதனைக்காகவே கழற்றக்கூடிய வாள் வாங்க வேண்டும் என்கிறேன், வீசுகிறவர்களுக்கு இது உயிர் விஷயம்.

துடைப்பது எளிது, ஆனால் திசை முக்கியம். மெல்லிய காகிதத்தையோ மென்துணியையோ மடித்து, முதுகுப் பக்கத்திலிருந்து அலகைக் கவ்வி, ஹபாக்கி பக்கத்தில் தொடங்கி முனை நோக்கி ஒரே வீச்சில் போக வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. அப்புறம் நுண்ணிய கல்பொடி நிரப்பிய உச்சிகோ உருண்டையால் தட்டி, பொடியோடு பழைய எண்ணெயை எடுப்பது மரபு. இணையத்தில் 15, 20 டாலருக்குக் கிடைக்கும் பராமரிப்புப் பெட்டியில் சுத்தியும் எண்ணெயும் நன்றாகவே இருக்கின்றன, பொடிதான் சரியில்லை. எனக்கு வந்ததை விரலிடுக்கில் தேய்த்தாலே நறநறவென்றது, அதை அலகில் போட்டால் மெல்லிய கீறல்கள் விழும். ஐசோபிரப்பைல் ஆல்கஹாலும் மைக்ரோஃபைபர் துணியும் அதைவிட நல்லது.

கடைசியாக எண்ணெய். சோஜி எண்ணெய் என்று விற்பது பெரும்பாலும் கனிம எண்ணெயில் கிராம்பு வாசனை கலந்தது, தையல் மிஷின் எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுப்பாகி ஒட்டும். பூசும் அளவு மிகக் குறைவாக இருக்கட்டும், அலகில் துளியாக நின்றால் அது உறை மரத்தில் ஊறிப் போகும். அலகை வெறும் விரலால் தொட்டுவிட்டு அப்படியே விட்டால் ரேகை பதிந்த இடத்திலேயே பழுப்புப் புள்ளி வரும், கார்பன் ஸ்டீல் அதைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும், பழகுகிறவருக்கு அது நல்லதுதான்.

வைக்கும்போது கட்டானாவைக் கூர்ப்பக்கம் மேலே, பிடி இடப்பக்கமாக இருக்கும்படி தாங்கியில் கிடத்துவது வழக்கம். கூர் மேலே இருந்தால் அலகின் கனம் முதுகின் மேல் நிற்கும், கூர்ப்பக்கம் உறை மரத்தில் அழுந்தாது. கனடாவில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுவதால் அறைக் காற்று வறண்டு, உறை மரம் சுருங்கி அதன் பொருத்தம் மாறும், சில உறைகளில் ஒட்டு விட்டுப்போவதும் உண்டு. ஹீட்டர் பக்கத்திலும் வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள். உறை தளர்ந்தால் வாயின் உள்பக்கம் மெல்லிய மரச்சீவல் ஒன்றை ஒட்டினால் போதும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய கண்ணாடி அலமாரிதான் சரி, கூர் தீட்டாத வாளுக்கும் முனை இருக்கிறது.

உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இங்கிலாந்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள வளைந்த வாள்களுக்கு 2008 முதல் தடை உண்டு, மரபு முறையில் கையால் செய்தவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்தியாவில் வாள்கள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகின்றன, காவல் நிலையத்தில் கேட்காமல் வரவழைக்காதீர்கள்.

பழகிய கையோடு பழைய ஜப்பானிய வாள் ஒன்றைத் தொடும் வாய்ப்பு வந்தால், நாககோவில் இருக்கும் கருந்துருவை மட்டும் சுரண்டிவிடாதீர்கள். வாளின் வயதையும் அசல் தன்மையையும் மதிப்பிட வல்லுநர்கள் அந்தத் துருவையும் பார்க்கிறார்கள், அதைத் துடைத்து எடுத்தால் வாளின் மதிப்பே போய்விடும்.

அதே பட்டறையில் மறுபடி வாங்குவேன். ஆர்டர் குறிப்பில் இவற்றை மட்டும் எழுதுவேன்: கூர் வேண்டாம், பள்ளம் வேண்டாம், பிடிக்குள் பசை போட வேண்டாம், மூங்கில் ஆணி இரண்டு ஜோடி கூடுதலாக அனுப்புங்கள்.